லேபிளில் திரும்பி நிற்கிற பெண்

கண்ணு,

காட்பாடியில் உன்னை ரயிலேற்றிவிட்டு வந்த அன்று, துவைக்கப் போடலாம் என்று உன் தலையணை உறையை எடுத்தேன். அதில் உன் கம்பெனி ஷாம்புவின் வாசனை இருந்தது. துவைக்காமல் அப்படியே மடித்து வைத்துவிட்டேன். இப்போது நீ பம்பாயில் ஏதோ ஒரு மாடியில் உட்கார்ந்து, அந்தச் சின்னப் பொட்டலத்தைக் காலேஜ் பிள்ளைகளுக்கு எப்படிப் பிடிக்கவைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பாய். அதுதான் உன் உத்தியோகம் என்று சொன்னாய். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு விளக்கத் தெரியாமல் 'சோப்புக் கம்பெனியில் ஆபீசர்' என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஆனால் எனக்கு அந்த வேலை புரியாமல் இல்லை. நீ நினைப்பதைவிட நன்றாகவே புரியும்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் ஒரு காகித உறையை எடுத்து என் முன்னால் பிரித்தாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். உள்ளே உன் தாத்தாவின் தைல லேபிள். மஞ்சள் காகிதம், பச்சைக் கரை, நடுவில் ஒரு பெண் முதுகைக் காட்டி நிற்கிறாள். அவிழ்ந்த முடி முழங்காலுக்குக் கீழே இறங்குகிறது. மாமா கொடுத்தார் என்றாய். "இத்தப் பாத்ததும் எங்க பெரிய ஆபீசர் எழுந்து நின்னுட்டாரும்மா. காலேஜ் பொண்ணுங்க இப்ப விளம்பரத்த நம்பறதில்ல. எல்லாம் பொய்யின்னு தெரிஞ்சிகினு சிரிக்கிறாங்க. அவங்களுக்கு நெஜமா ஒண்ணு காட்டணும். இவ நெஜம், பாத்தாலே தெரியுது. புதுப் பாக்கெட்டுல இவளத்தான் போடப்போறோம். மாமாவும் சரின்னுட்டாரு." இப்படி மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, கடைசியில், "யாரும்மா இவ, உனக்குத் தெரியுமா?" என்றாய். "யாரோ ஊர்ப் பொண்ணு" என்று சொல்லிவிட்டு, தோசை தீய்கிறது என்று எழுந்து போனேன்.

அது நான்தான், கண்ணு.

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நான் பேச ஆரம்பித்தால் வார்த்தை வர நேரமாகும்; அதற்குள் நீ என் வாக்கியத்தை நீயே முடித்துவிடுவாய். சின்ன வயதிலிருந்தே நீ அப்படி. காகிதம் குறுக்கே பேசாது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். உன் வேலைக்குப் பயன்படுகிற விஷயங்களும் இதில் இருக்கின்றன. ஆனால் நான் எழுதுவது அதற்காக இல்லை என்பதைக் கடைசிவரை படித்தால் தெரிந்துகொள்வாய்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். குடிபாலா பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. மழை ஏமாற்றிய காலத்தில் சித்தூருக்கு வந்து தைலம் காய்ச்சத் தொடங்கினார். முன்கட்டில் கடை, பின்கட்டில் வீடு, நடுவில் முற்றத்தில் பெரிய இரும்புச் சட்டி. தேங்காய் எண்ணெயில் கரிசலாங்கண்ணியும் கறிவேப்பிலையும் வெந்தயமும் கொதிக்கிற வாசனையில்தான் நான் எழுத்துக் கற்றுக்கொண்டேன். பெண்கள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவார்கள். நைனா தகர டின்னிலிருந்து அளந்து ஊற்றுவார். ஒவ்வொருத்தி தலையும் அவருக்கு மனப்பாடம். "உனக்குச் சூட்டு ஒடம்பும்மா, வெந்தயம் சாஸ்தியா போட்டது தர்றேன், இரு" என்பார். யாரையும் ஏமாற்றி விற்றதில்லை. முடி வளருமா என்று கேட்டால், "இருக்கறது நிக்கும்" என்று மட்டும் சொல்வார்.

ஆனால் தாய்மார்கள் வாங்கினார்களே தவிர, மகள்கள் தேய்க்கவில்லை. அவர்களுக்கு மெட்ராஸிலிருந்து வருகிற வாசனை பாட்டில்தான் வேண்டும். ஒரு நாள் ஒரு பள்ளிக்கூடப் பெண், அம்மா பக்கத்தில் நிற்கும்போதே, "இத்தத் தேய்ச்சிகினு போனா எம் பக்கத்துல ஒருத்தியும் குந்தமாட்டா" என்று சொல்லிவிட்டாள். அவள் அம்மா அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். நைனா திட்டவில்லை. அன்று முழுவதும் தன் கையை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்திருந்த காலம் அது. சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று பஸ் ஸ்டாண்டில், கோர்ட்டு வாசலில், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அதே பேச்சு. நாங்கள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசுகிறவர்கள். நைனா பஸ் ஸ்டாண்டில் தமிழில் ஒரு போர்டு வைத்தார். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் எழுத்தின் மேல் தார். சரி என்று தெலுங்கில் எழுதி வைத்தார். வேறு யாரோ அதன் மேலும் தார் பூசிவிட்டுப் போனார்கள். "எண்ணெய்க்கு இன்னா பாஷை? தேய்ச்சா வழுக்கும், அவ்ளோதான்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எழுத்தே இல்லாம ஒரு போர்டு எழுத முடிஞ்சா நல்லா இருக்கும்" என்றார்.

அப்போது நான் திருப்பதியில் பெண்கள் கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். எங்கள் வம்சத்தில் ஆணோ பெண்ணோ அதுவரை யாரும் கல்லூரி வாசல் ஏறியதில்லை. எனக்குக் கூச்சம் அதிகம். வகுப்பில் கடைசி வரிசையில் ஜன்னல் ஓரமாக உட்காருவேன். கடைசி வரிசைக்காரிக்கு மற்றவர்களின் முகம் தெரியாது; பின்னல்தான் தெரியும். யார் நேற்று தலை முழுகினாள், யாருக்கு ஜுரத்துக்குப் பிறகு கொட்டுகிறது, யார் அக்காவின் ரிப்பனைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், எல்லாம் முதுகுப் பக்கமிருந்தே எனக்குத் தெரியும். முதல் கோடை விடுமுறையில் நைனா சட்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, "ஏம்மா, காலேஜ் பொண்ணுங்க தலைக்கு இன்னா தேய்க்கிறாங்க?" என்று கேட்டபோது, என் வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் பதில் தெரிந்த கேள்வி ஒன்று வந்தது.

அந்தக் கோடை முழுவதும் பேசினேன். பெரிய பாட்டில் டிரங்குப் பெட்டியில் நிற்காது, தக்கை கழன்று புடவையெல்லாம் எண்ணெயாகும் என்றேன். காலையில் யாரும் தேய்ப்பதில்லை, வகுப்பில் வாசனை வரும் என்று பயம் என்றேன். அம்மா தேய்த்துக்கொள் என்று சொன்னதை எவளும் தொடமாட்டாள், காகிதத்தில் அச்சடித்ததை நம்பமாட்டாள், பக்கத்துக் கட்டில்காரியிடம் 'நீ இன்னா தேய்க்கிற' என்று கேட்டு அதையே வாங்குவாள் என்றேன். நைனா ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. துடுப்பால் சட்டியைக் கிண்டிக்கொண்டே கேட்டார். அடுத்த விடுமுறைக்கு நான் வந்தபோது, உள்ளங்கையில் அடங்குகிற பாட்டில், திருகு மூடி, நன்றாக வடிகட்டி மரிக்கொழுந்து சேர்த்த தைலம். நான் சொன்ன வார்த்தைகள் ஒரு பொருளாக எதிரில் நின்றன. எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, அழுகை வந்துவிடும் போலிருந்ததால் உள்ளே போய்விட்டேன். உன் சின்னப் பொட்டலத்தைப் பற்றி நீ பெருமையாகச் சொன்னபோது என் முகத்தைப் பார்த்து, "இன்னாம்மா சிரிக்கிற?" என்றாயே, அது இதனால்தான். இளம் பிள்ளைகளிடம் எதையாவது கொண்டுபோக வேண்டும் என்றால், அவர்களில் ஒருத்தியிடம் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அதற்கு மேல் உன் வேலையில் பெரிய ரகசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நைனா அதைப் பாட்டில் விஷயத்தில் சரியாகச் செய்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டார் பார்க்க வருகிற நேரத்தில், பாட்டில்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஹாஸ்டலுக்கே வந்துவிட்டார். புங்க மரத்தடியில் பெண்கள் கூடியிருந்தார்கள். நைனா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அம்மாடிங்களா, ஒங்க ஆயா கூந்தல் எப்டி இருந்திச்சின்னு நெனச்சிப் பாருங்க. அதான் இந்தத் தைலம்" என்றார். ஒருத்தி உடனே, "எங்க ஆயா மொட்டைங்க. வருசா வருசம் மலைக்குப் போயி குடுத்துட்டு வந்துடும்" என்றாள். புங்க மரமே குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள். நைனாவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்போதுதான் வசந்தா எழுந்து வந்தாள். புத்தூர்க்காரி, தெலுங்கு வீட்டுப் பெண், என் பக்கத்துக் கட்டில். நைனா அவளுக்குப் பெத்த நைனா, அதாவது பெரியப்பா. "ஆயாவ வுடுங்க பெத்த நைனா. ஏமே, திரும்பு நீ" என்று என் கொண்டையைப் பிடித்து இழுத்து அவிழ்த்துவிட்டாள். "இவ தேய்க்கிறது இதான்டி. பாருங்க."

முடி முழங்காலைத் தாண்டி விழுந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. ஒருத்தி வந்து தொட்டாள், இன்னொருத்தி வந்தாள். பை காலியாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு நின்ற நான் நிமிர்ந்தபோது நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து தன் கையால் எண்ணெய் வைத்த தலையை அன்றுதான் பார்க்கிறவர் மாதிரி இருந்தது. போகும்போது நன்றாகப் படி என்று சொல்ல மறந்துவிட்டார்.

அடுத்த விடுமுறையில் கடைத்தெரு ஸ்டுடியோவில் படம் எடுப்பது என்று முடிவாகியிருந்தது. அம்மா விடவில்லை. "வயசுப் பொண்ணு படத்த ரோட்டுல நிறுத்துவியா? நாளைக்கி எவன் கட்டுவான்?" என்றாள். "மூஞ்சி தெரியாதுமே, முதுகுதான" என்றார் நைனா. "முதுகு இன்னா ஊரான் வூட்டுதா?" இந்தச் சண்டை நடக்கும்போது நான் அதே அறையில் சிக்கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருவரில் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். சரி என்று சொல்லிவிடுவாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தான் யாரும் கேட்கவில்லை. ஸ்டுடியோக்காரர், "செவுத்தப் பாத்து நில்லும்மா" என்றார். நின்றேன். சுண்ணாம்பு உரிந்த சுவர். படம் எடுத்த பிறகும் திரும்பலாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் படத்தை வைத்து லேபிள் வந்தது, தகரத்தில் போர்டுகள் வந்தன. திருப்பதியில், புத்தலப்பட்டில், பங்காருபாளையத்தில், பஸ் நிற்கிற இடமெல்லாம் நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். எழுத்தின் மேல் யாராவது தார் பூசினார்கள். முடியின் மேல் பூச இரு கட்சிக்காரர்களுக்கும் மனம் வரவில்லை. பெண்கள் வாங்கினார்கள். கல்லூரியில் வேறு வகுப்புகளிலிருந்து வந்து, "நீதானா?" என்று கேட்டுவிட்டுத் தொட்டுப் பார்த்துப் போனார்கள். எனக்குப் பிடிக்காமலும் இல்லை, கண்ணு. பஸ்ஸில் போகும்போது போர்டு வருகிற இடம் தெரிந்து ஓரக்கண்ணால் பார்ப்பேன். அழகாக இருப்பாள் அவள். அவள் திரும்பினால் நான் என்பதைத்தான் நம்ப முடியாது.

நான் கடைசி வருஷம் படிக்கும்போது நைனாவுக்கு விஷ ஜுரம் வந்தது. பிழைப்பாரா என்று தெரியாத நிலையில் அம்மா மலையைப் பார்த்துக் கும்பிட்டு, என் முடியைத் தருவதாக வேண்டிக்கொண்டாள். வீட்டில் இருந்ததிலேயே உயர்ந்த பொருள் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். நைனா பிழைத்தார். பிழைத்து எழுந்து உட்கார்ந்ததும் விஷயம் தெரிந்தது. "மூணு கத்தரி குடுத்தா போதும்மே, பொம்பளைங்களுக்கு அதான் வழக்கம்" என்றார். நுனியில் மூன்று தடவை கத்தரித்துக் கொடுப்பதை அப்படிச் சொல்வார்கள். அம்மா, "முழுசான்னு வேண்டிக்கினேன்" என்றாள். "அப்ப அடுத்த வருசம் பாத்துக்கலாம். இப்பதான் போர்டு மாட்டிகினு வர்றோம். சாமி எங்க போவப்போறாரு?" "சாமி எங்கியும் போவமாட்டாரு. நீ போயிட்டா?" நைனா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் நாள் தள்ளிக்கொண்டே போனது. வீட்டில் இருவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். இந்தத் தடவையும் நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். என் தலை இரண்டு பேருக்கும் வேண்டியிருந்தது.

பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போது ஒரு மத்தியானம் அம்மா ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றாள். தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறாள். "நைனாவுக்குத் திரும்பியும் ஜொரம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் பேசிய நேரமெல்லாம் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தோளில் கிடந்த என் பின்னலைப் பார்த்தாள். நல்லா எழுது என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். நான் சரித்திரம் படித்தவள். ஜுரம் எதனால் வருகிறது, எதனால் போகிறது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? நைனாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பின்னலை வைத்துக்கொண்டு அம்மா முன்னால் நான் எப்படி நடமாடுவேன்?

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வசந்தாவைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முடி எடுக்கிற இடத்தில் கூட்டம். எங்கள் முறை வந்தபோது எதிரில் இருந்தவர் வயதானவர், நெற்றியில் நாமம். என் தலையைப் பார்த்தார். போர்டை அவர் பார்த்திருப்பாரோ என்னவோ தெரியாது. "பூர்த்திகானா அம்மா, மூடு கத்தெரலா?" என்று கேட்டார். முழுசாகவா, மூன்று கத்தரியா என்று.

வசந்தா என் காதில், "மூணு கத்தரின்னு சொல்லுமே. எங்க அக்கா அத்தான் குடுத்தா. சாமிக்கு அது போதும்" என்றாள். எனக்கு வாய் திறக்கவில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது, யாரோ முணுமுணுத்தார்கள். அந்த மனிதர் என்னை அவசரப்படுத்தவில்லை. கத்தியைத் தண்ணீரில் நனைத்து, முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அம்மாவுக்கும் நைனாவுக்கும் ஊருக்கும் சொந்தமாக இருந்த ஒன்றை, என்னுடையது என்று நினைத்து என்னிடமே ஒருவர் கேட்கிறார். எனக்கு அதுதான் அன்று மனதில் ஓடியது. சாமி நினைப்புகூட வரவில்லை. "முழுசா" என்று தமிழில் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. முடி மடியில் விழ விழ வசந்தா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கழுத்தில் காற்றுப் படுவது புதிதாக இருந்தது.

சித்தூர் பஸ்ஸில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். புத்தலப்பட்டில் பஸ் நின்றது. எதிரில் போர்டு. அதன் கீழே ஒரு பள்ளிக்கூடப் பெண் தன் பின்னலை முன்னால் இழுத்து, நுனி எங்கே முடிகிறது என்று பார்த்து, மறுபடி போர்டைப் பார்த்தாள். அவளைக் கூப்பிட்டு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

நைனா கட்டிலில் படுத்திருந்தார். கண்ணைத் திறந்து பார்த்தார். சந்தனம் காய்ந்திருந்த என் தலையை ரொம்ப நேரம் பார்த்தார். தைலம் பற்றி ஒரு வார்த்தை இல்லை, போர்டு பற்றி இல்லை. "குளுருதாம்மா?" என்றார். அவருக்குத்தான் நடுக்கம். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, கை உதற உதற என் தலையில் போட்டு இரண்டு பக்கமும் இழுத்துவிட்டார். அந்தத் துண்டில் கரிசலாங்கண்ணி வாசனை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவர் பிழைத்துவிட்டார். ஆஸ்பத்திரி மருந்தாலா, மலையாலா என்று அம்மாவும் நானும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. இதோடு கதை முடிந்திருந்தால் நான் உனக்கு இதை எப்போதோ சொல்லியிருப்பேன். எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு ஒரு நாள் காலையில் என் பக்கம் பார்க்காமல், "கொஞ்ச நாளைக்கிக் கடப் பக்கம் வராதம்மா" என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்தது. "சாமிக்குக் குடுத்த தலைய எதுக்கு ஒளிக்கணும்? திருப்பதிப் பக்கத்துல மொட்டையப் பாக்காத ஜனம் உண்டா?" என்றாள். நைனா சொன்னார்: "சாமிக்குத் தெரியும்மே. வாங்கறவனுக்குத் தெரியாதே."

அதனால் உள்ளே உட்கார்ந்தேன். நகரியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பதாகக் கேட்பவர்களிடம் சொன்னார்கள். நான் பி.ஏ. தேறிய செய்தி வந்தபோதும் உள்ளேதான் இருந்தேன். எங்கள் சரித்திர ஆசிரியை எனக்காகத் திருத்தணியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருந்தார். பள்ளி திறந்ததும் வந்து சேரச் சொன்னார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவள் முன்னால் நின்று பேச வேண்டும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. ஆனாலும் எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது, கண்ணு. அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் எதையும் அப்படி விரும்பியதில்லை. நைனா, "முடி வளரட்டும்மா. நம்ப ஏஜெண்டு அங்கதான கீறான். தைலக்காரன் பொண்ணு மொட்டையா போயி நின்னா இன்னா பேசுவாங்க?" என்றார். அவர்கள் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வேறு ஒருத்தியை எடுத்துக்கொண்டார்கள். என் முடி காதைத் தொடுகிற அளவுக்கு வளர்ந்தபோது எல்லைத் தகராறு தீர்ந்தது. திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போயிற்று. நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். ஊரில் எல்லோரும் எதை இழந்தோம், எதை வாங்கினோம் என்று பேசினார்கள். எனக்கு அந்த ஊர் அதற்கு முன்னாலேயே கைவிட்டுப் போயிருந்தது.

முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கடைக்கு வருகிறவர்கள் பேசுவது நன்றாகக் கேட்கும். லேபிளைப் பார்த்துவிட்டுப் பெண்கள், "யாருங்க இந்தப் பொண்ணு?" என்று கேட்பார்கள். "யாரோ ஊர்ப் பொண்ணும்மா" என்று நைனா சொல்வார். முதல் தடவை கேட்டபோது என் கையிலிருந்த முறம் நழுவிவிட்டது. பிறகு பழகிவிட்டது. உனக்கு நான் சொன்ன பதில் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

அவரைக் கெட்டவர் என்று நினைக்காதே. கடையைச் சாத்திவிட்டு உள்ளே வந்ததும், தினமும் என்னை முற்றத்தில் உட்காரவைத்து, புதிதாகக் காய்ச்சிய தைலத்தை அந்த முள்ளு முள்ளான தலையில் தன் கையாலேயே தேய்ப்பார். யாருக்கும் விற்காத தைலம் அது. எனக்கென்று தனியாகக் காய்ச்சியது. அவர் விரல்கள் மட்டும் மெதுவாக நகரும். எனக்காகத் தேய்க்கிறாரா, லேபிளுக்காகத் தேய்க்கிறாரா என்று நான் யோசித்ததுண்டு. அவருக்கே தெரிந்திருக்காது. இரண்டையும் அவரால் பிரிக்க முடியாமல் போயிருந்தது. உன் வேலையில் எனக்குப் பயம் தருவது அந்த ஒன்றுதான்.

முடி தோளுக்குக் கீழே இறங்கவே இல்லை. நீ பிறந்ததிலிருந்து பார்க்கிற எலுமிச்சம்பழக் கொண்டை, அதுதான் அவ்வளவு தைலத்துக்கும் கிடைத்தது. "இருக்கறது நிக்கும்" என்று மற்றவர்களிடம் சொன்ன மனிதர், எனக்கு மட்டும் இல்லாதது வரும் என்று கடைசிவரை நம்பினார். கல்யாணமாகி நான் எப்போது வீட்டுக்குப் போனாலும் முதலில் என் கொண்டையைப் பார்ப்பார், பிறகுதான் முகத்தை. பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வார். உனக்கு அந்தப் படம் பிடித்திருந்ததா, அந்த வேலைக்குப் போக ஆசைப்பட்டாயா, மலையில் தனியாகப் போய் என்ன செய்தாய் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்பார் என்று நான் ரொம்ப வருஷம் காத்திருந்தேன். பெரிய கம்பெனி எண்ணெய்கள் வந்து அவர் தைலம் நின்றது, பிறகு அவரும் போய்விட்டார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இளம் பிள்ளைகள் விளம்பரத்தை நம்புவதில்லை என்றாய்; சரிதான், எங்கள் காலத்திலும் நம்பவில்லை. பக்கத்துக் கட்டில்காரியைத்தான் நம்பினார்கள். அதனால் உங்கள் கம்பெனி பக்கத்துக் கட்டில்காரியைத் தேடிக்கொண்டு போகும். ஹாஸ்டல் வாசலில் நிற்கும், படம் எடுக்கும். நல்ல முடியோ நல்ல சிரிப்போ உள்ள ஒருத்தி உங்களுக்குக் கிடைப்பாள். கூச்சப்படுகிறவளாக இருந்தால் இன்னும் நல்லது என்று உங்கள் ஆபீசர் சொல்வார், அதுதான் நிஜம் மாதிரித் தெரியும். அவளிடம் கேள். கூச்சக்காரிக்குச் சரி என்பது சுலபம், வேண்டாம் என்பதுதான் கஷ்டம். அதனால் சரி என்று சொன்ன பிறகு ஒரு நாள் விட்டு மறுபடியும் கேள். படம் பெரிதாகிக்கொண்டே போகும்போது, அவள் தலை என்ன ஆயிற்று, அவள் என்ன படித்தாள், எங்கே போக ஆசைப்பட்டாள் என்று உங்களில் ஒருவராவது தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருக்கிறவளைக் காப்பாற்ற வேண்டும் என்று நிஜமானவளைச் சுவருக்குப் பின்னால் உட்காரவைக்காதே.

என் விஷயமும் இருக்கிறது. லேபிளை மாமா கொடுத்துவிட்டார், ஆபீசருக்குப் பிடித்துவிட்டது, பாக்கெட்டில் போடுவது என்று முடிவாகிவிட்டது. அம்மாவும் நைனாவும் சண்டை போட்ட அறையில் சிக்கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதிரிதான் அன்றைக்கு உன் எதிரிலும் உட்கார்ந்திருந்தேன். அவள் நிஜம் என்று நீ சொன்னாய். கொஞ்ச காலம் நிஜமாக இருந்தாள். பிறகு அவளை மலையில் விட்டுவிட்டு வந்தேன். மிச்சம் இருக்கிறது காகிதம். புத்தலப்பட்டில் பின்னலை அளந்த அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல முடியாமல் போனதை, உன் பாக்கெட்டை வாங்குகிற பெண்களுக்கும் யாரும் சொல்லப்போவதில்லை.

நான் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. சரி என்று சொல்வதற்காகவும் இல்லை. நீ லீவில் வரும்போது அந்த உறையைக் கொண்டு வா. என் எதிரில் உட்கார்ந்து, அம்மா, இது உன் முடி, போடலாமா என்று கேள். எனக்குப் பதில் வர நேரமாகும். அதுவரை என் வாக்கியத்தை நீ முடிக்காதே. மலையில் அந்தப் பெரியவர் கேட்டுவிட்டுக் கத்தியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு காத்திருந்தாரே, அந்த மாதிரி இரு.

உன் அம்மா